மட்டாஞ்சேரியில் இரண்டு சினகாக்குகள்

பழைய கட்டடங்களைச் செப்பனிடுவது என் தொழில். கொச்சிக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும், மட்டாஞ்சேரியில் ஒரு சினகாக்கோடு (யூதர்களின் வழிபாட்டுக்கூடம்) திரும்பிவிடாதீர்கள், இரண்டையும் பாருங்கள் என்பேன்.

முதலாவது எல்லோரும் அறிந்த பரதேசி சினகாக். நம் பேச்சில் வசவாகிவிட்ட அந்தச் சொல்லுக்கு அங்கே வெளிதேசத்தார் என்றுதான் பொருள். ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்கள், கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டிக் கொடுத்த நிலத்தில் 1568-ல் கட்டியது. 1662-ல் போர்த்துகீசியர் சிதைத்தார்கள். டச்சுக்காரர் காலத்தில் மறுபடி எழுந்தது. மணிக்கூண்டு 1760-ல் வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். காலடியில் சீனத்து நீல வெள்ளைப் பீங்கான் ஓடுகள். எல்லாம் கையால் தீட்டியவை. குனிந்து பாருங்கள், ஒன்றுபோலத் தெரியும் இரண்டு ஓடுகளில் தூரிகை ஓடிய விதம் வேறாக இருக்கும். நடுவில் பித்தளைக் கம்பி சுற்றிய மேடை, யூதர்களின் வேதமான தோராவை வாசிக்க. மாடியிலும் இன்னொரு மேடை உண்டு. இது கேரள சினகாக்குகளுக்கே உரிய அமைப்பு. இங்கே காக்கப்படும் செப்பேடுகள் வட்டெழுத்தில் உள்ளவை. சுமார் 1000-ம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த உரிமைகளில் பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை என்று வரும். பெரும்பாலும் அகராதி இல்லாமலே நமக்குப் புரியும் சொற்கள்!

இரண்டாவது, கடவும்பாகம் சினகாக். அதுவும் 16-ம் நூற்றாண்டுதான். 1950-களில் அதன் மக்கள் இஸ்ரேலுக்குப் போய்விட, வழிபாடு நின்று, கட்டடம் கிடங்கானது. மரவேலைப்பாடுகள் ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போயின. மிஞ்சிய கூட்டின் ஒரு பகுதி 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. எனக்கு அது சாவுச் செய்தி போலத்தான் இருந்தது.

இப்படிப்பட்ட கட்டடம் ஒரே மழையில் விழுவதில்லை. கூரையில் ஒரு ஓடு நகரும். தண்ணீர் சுவரின் தலையில் இறங்கும், கைமரம் உளுக்கும். யாராவது நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசுவார்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விட முடியாமல் அப்படியே மாவாக உதிரும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் பொறுப்பில் சுண்ணாம்புக் கட்டடம் ஏதாவது பூட்டிக் கிடந்தால், சுவருக்குப் பூச்சு, வர்ணம் எல்லாம் அப்புறம். மழைக்கு முன்னால் கூரையில் ஆள் ஏற்றி, நகர்ந்த ஓட்டை மாற்றுங்கள். மாதம் ஒரு நாளாவது கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.