பொலிகுதிரையும் ‘இனப்பெருக்கச் சேவை’யும்

அமெரிக்க வேளாண் வரலாறு பற்றிய மொழிபெயர்ப்புகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது இந்தத் தொடர்: ‘அறுவடை இயந்திரங்களோடு குதிரை இனப்பெருக்கச் சேவைகளையும் விற்றனர்.’ என்ன சேவை? கருட சேவையா?

நடந்தது இதுதான். வசந்த காலத்தில் ஒரு குதிரைக்காரர் நல்ல ஆண் குதிரையை ஊர் ஊராக நடத்திக்கொண்டு போவார். எந்தக் கிழமை எந்த லாயத்தில் நிற்கும், நிறம் என்ன, உயரம் என்ன, தகப்பன் யார் என்று முன்பே சுவரொட்டி ஒட்டியிருக்கும். பெட்டைக் குதிரை வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டுக் கட்டணம் தருவார்கள். அந்த ஆண் குதிரைக்கு ஆங்கிலத்தில் ஸ்டாலியன் என்று பெயர்; கொட்டிலில் கட்டிவைத்தது என்பது வேர்ப்பொருள், பழைய பிரெஞ்சு வழியாக வந்த ஜெர்மானியச் சொல். ஸ்டட் என்றும் சொல்வார்கள்; அது முதலில் குதிரை மந்தையின் பெயர். பிறகுதான் குதிரைக்கே ஆகிவந்தது.

தமிழில் இதற்குப் புதிதாகச் சொல் தேட வேண்டியதே இல்லை. பசுவைச் சினைப்படுத்தவென்று வளர்ப்பது பொலிகாளை, ஆட்டில் பொலிகிடா. அப்படியானால் குதிரையில் பொலிகுதிரை. பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லும் பொலிதான். ‘பொலியோ பொலி’ என்று குரல் கொடுப்பதும் அதனால்தான்.

‘ஆண் குதிரை என்றால் போதாதா?’ என்பார்கள். போதாது. ஏரிலும் வண்டியிலும் பூட்டிய ஆண் குதிரைகளில் பல காயடித்தவை. அவையும் ஆண்தானே! சரி, ‘இனப்பெருக்கக் குதிரை’? அமீபா இரண்டாகப் பிளவுபடுவதும் இனப்பெருக்கம்தான். பாடப்புத்தகத்துக்கு அந்தச் சொல் சரி, லாயத்துக்குச் சரிவராது. ‘பொலி நகரத்து வாசகருக்குப் புரியாது’ என்பது இன்னொரு சாக்கு. கால்நடைத் துறையினர் இன்றும் பொலிகாளை என்றுதான் எழுதுகிறார்கள். புரியாதவர் ஒருமுறை கேட்டால் தெரிந்துகொள்வார். ‘இனப்பெருக்கச் சேவை’ மட்டும் யாருக்கு என்ன புரியவைத்துவிட்டது? ‘பொலிகுதிரையைக் கட்டணத்துக்கு விட்டார்கள்’ என்று எழுதினால் முடிந்தது.

இதைவிடப் பெரிய கூத்து கட்டணத்தில் நடக்கிறது. அந்தக் காலச் சுவரொட்டிகளில் இரண்டு மூன்று விலை இருக்கும்: ஒருமுறை சேர்க்க ஒன்று, பருவம் முழுதும் சேர்க்க ஒன்று, சினைக்கு உத்தரவாதத்தோடு ஒன்று. கடைசி வகையில் பெட்டை சினைப்பட்டால்தான் பணம். சில இடங்களில் குட்டி பிறந்து எழுந்து நின்று பால் குடித்தால்தான். ஆங்கிலத்தில் இதற்கு இன்ஷூரன்ஸ் என்று போட்டிருப்பார்கள். நம்மவர் அகராதியைப் பார்த்து ‘காப்பீட்டுக் கட்டணம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். குதிரைக்கு ஆயுள் காப்பீடு எடுத்ததாக நினைத்துக்கொள்கிறார் வாசகர்.

இயந்திரத்தையும் குதிரையையும் ஒரே மூச்சில் பேசுவதற்குக் காரணம் உண்டு. சைரஸ் மெக்கார்மிக் 1834இல் காப்புரிமை பெற்று, 1847இல் சிகாகோவில் தொழிற்சாலை தொடங்கிச் செய்து விற்ற இயந்திரத்தை இழுத்தது குதிரை. கருவிகள் பெரிதாகப் பெரிதாகக் கனத்த குதிரை தேவைப்பட்டது. பிரான்சிலிருந்து பெர்ஷெரான் என்ற கனத்த இனத்துப் பொலிகுதிரைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1851இல் ஒஹாயோவுக்கு வந்த ‘லூயி நெப்போலியன்’ அவற்றில் பேர்பெற்றது.

அப்புறம் அந்த ‘அறுவடை இயந்திரம்’. இன்று அப்படிச் சொன்னால் அறுத்து, அடித்து, நெல்லைத் தனியே கொட்டும் வண்டிதான் மனத்தில் வரும். மெக்கார்மிக்கின் இயந்திரம் கதிரை அறுத்து மேடையில் சாய்க்கும், அவ்வளவுதான். அதை ஓர் ஆள் வாரித் தள்ள வேண்டும், பின்னால் வருகிறவர்கள் கட்டுக் கட்ட வேண்டும், கதிரடிப்பது தனி வேலை. கதிரறுக்கும் இயந்திரம் என்று எழுதுவதில் என்ன சிரமமோ!