பால்வீதியின் காமா ஒளிக்கு ஒரு கணக்கு

2008 ஜூனில் விண்ணுக்குப் போன ஃபெர்மி தொலைநோக்கி, ஒளியிலேயே மிக அதிக ஆற்றல் கொண்ட காமா கதிர்களைப் பிடிப்பது. அதன் வானப் படத்தில் முதலில் கண்ணில் படுவது, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓடும் பளிச்சென்ற பட்டை, அதாவது நம் பால்வீதி. அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி எந்த விண்மீனுக்கும் சொந்தமில்லை. விண்மீன்களுக்கு நடுவே இருக்கும் வெளியிலிருந்தே அது வருகிறது.

காரணம் காஸ்மிக் கதிர்கள். 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டறிந்த அதே கதிர்கள்தான். பெயர்தான் கதிர், உண்மையில் அவை அதிவேகப் புரோட்டான்கள், அணுக்கருக்கள், கொஞ்சம் எலக்ட்ரான்கள். மின்னூட்டம் உள்ளதால் காந்தப்புலம் வழியெல்லாம் அவற்றை வளைத்துவிடும். எங்கே கிளம்பின என்று அவற்றின் திசையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவை வழியில் உண்டாக்கும் காமா கதிர்கள் நேர்கோட்டில் வரும்.

புரோட்டான் ஒன்று வாயு மேகத்தில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருவை மோதினால் நடுநிலைப் பையான் என்ற மின்னூட்டமில்லாத குறுவாழ்வுத் துகள் பிறக்கலாம். அது நொடிப்பொழுதுகூட நிற்காது, இரண்டு காமா துகள்களாக உடைந்துவிடும். எலக்ட்ரான்கள் வேறு வழியில் பங்களிக்கின்றன: அணுக்கருவின் அருகே தடம் வளையும்போது காமாவை உமிழும், விண்மீன் ஒளியையோ பெருவெடிப்பின் மிச்சமான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சையோ முட்டி அதன் ஆற்றலைக் காமா அளவுக்கு ஏற்றியும் விடும்.

சரி, இந்த வெளிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணிக்கும் மாதிரியைக் கணினியில் எப்படிக் கட்டுவது? கேல்ப்ராப் போன்ற நிரல்களுக்கு முதலில் வாயு வரைபடம் வேண்டும். அணு ஹைட்ரஜனை 21 செ.மீ. ரேடியோ அலை காட்டிக்கொடுக்கும். மூலக்கூறு ஹைட்ரஜன் குளிரில் பிடிபடாது. கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடை அளந்து ஊகிக்க வேண்டும். வாயு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை, பால்வீதியின் சுழற்சியில் அது நம்மை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தை வைத்துச் சொல்வார்கள். பால்வீதி மையத்தை நோக்கிப் பார்க்கும்போது வாயு பெரும்பாலும் குறுக்கே ஓடுவதால் இந்த வித்தை பலிக்காது.

அடுத்தது, கதிர்கள் எப்படி அலைகின்றன என்பது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். போரான் விண்மீன்களில் அநேகமாக உருவாவதே இல்லை. அப்படியும் காஸ்மிக் கதிர்களில் அது தாராளமாக இருக்கிறது. கார்பன் போன்ற கருக்கள் வழியில் மோதிச் சிதறியதன் துண்டுகள் அவை. ஆகவே போரானுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதம், கதிர்கள் எவ்வளவு வாயுவைக் கடந்தன என்று சொல்லும். அதே மாதிரி மோதலில் பிறந்து, சுமார் 14 லட்சம் ஆண்டு அரை ஆயுளோடு சிதைந்துவரும் பெரிலியம்-10 எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது பயணக் காலத்தைச் சொல்லும். அது கோடி ஆண்டு அளவில் வருகிறது. அவ்வளவு காலமும் விண்மீன்களும் வாயுவும் செறிந்த பால்வீதியின் தட்டையான வட்டுக்குள்ளேயே திரிந்திருந்தால் இன்னும் நிறைய வாயுவில் மோதியிருக்க வேண்டும். அப்படியானால் பெரும்பாலான நேரம் வட்டுக்கு மேலும் கீழும் உள்ள மெல்லிய வெளியில்தான் கழிந்திருக்கிறது!

மாதிரி தயாரானதும் அதைப் படத்திலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சுவதைப் பார்க்கிறார்கள். 2010-ல் வெளிப்பட்ட, ஃபெர்மி குமிழிகள் எனப்படும் இரண்டு பிரம்மாண்ட காமா வீக்கங்கள் அப்படித்தான் கிடைத்தன: மையத்துக்கு மேலும் கீழும், ஒவ்வொன்றும் சுமார் 25,000 ஒளியாண்டு உயரம். மையத்தைச் சுற்றிச் சில கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் இன்னோர் உபரியும் மிஞ்சுகிறது. ஒளி தராத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருளின் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிவதால் என்கிறது ஒரு தரப்பு. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் இறந்த விண்மீன்களான மில்லிநொடிப் பல்சார்கள் என்கிறது மறு தரப்பு. உபரி உருண்டையாக இருந்தால் முதல் தரப்புக்குச் சாதகம், மையத்து முதிய விண்மீன்களின் வடிவத்தை ஒத்திருந்தால் மற்றதற்கு. ஆனால் வாயு வரைபடத்தை மாற்றினால் அந்த வடிவமும் மாறுகிறது, அதுவும் தூரக் கணக்கு கைகொடுக்காத அதே திசையில்.