சுழி பார்க்கிறோம், அப்பனைப் பார்க்கிறோமா?

போன ஐப்பசியில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து விடிவதற்கு முன்பே போன் வந்தது. தலைச்சன் கிடேரி, நேற்று இரவிலிருந்து முக்குகிறது, கன்று வரவில்லை. போய்க் கையை விட்டுப் பார்த்தேன். கன்றின் முன்னங்கால் இரண்டும் மடங்கியபடியே இறுகிக் கிடந்தன. இழுத்தாலும் நீளவில்லை. ஒரு மணி நேரம் போராடித்தான் வெளியே எடுத்தோம். கன்று வயிற்றிலேயே செத்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் மேலண்ணமும் பிளந்திருந்தது. நல்லவேளை, தாய் பிழைத்துக்கொண்டது.

"கிரகணத்தன்னைக்கு வெளிய கட்டிப் போட்டுட்டேனுங்க டாக்டரே, அதுதான் இப்படி ஆயிருச்சு" என்று அந்த அக்கா அழுதார். அவருடைய மாமியாருக்கு வேறு கணக்கு: இந்த மாட்டுக்கு ராசி இல்லை, வர்ற செவ்வாய்க்கிழமையே பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டும்.

"எந்தக் காளைக்குச் சேத்துனீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"பக்கத்துத் தோட்டத்துக் காளைதானுங்க. ஊருக்கே அதுதான்."

"சரி, இந்தக் கிடேரியோட அப்பன் எது?"

கொஞ்சம் யோசித்தார். "அதும் அந்தக் காளைதானுங்க."

அப்பனையும் மகளையுமே சேர்த்திருக்கிறார்கள். தெரிந்து செய்ததில்லை. ஊரில் ஒரே காளை இருந்தால் மூன்று வருடத்தில் தானாகவே நடந்துவிடுகிற காரியம் இது.

பரம்பரையாக வரும் பிறவிக் குறைகளில் பெரும்பாலானவை ஒளிந்திருக்கிற வகை. எந்த மரபணுவும் உடலில் இரண்டு பிரதியாக இருக்கும், அப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், மாட்டைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் கெட்டுப்போய்ச் சேர்ந்தால்தான் கன்றில் தெரியும். கெட்ட பிரதி ஒன்றைச் சுமக்கிற காளைக்குப் பிறக்கும் கிடேரிகளில் பாதி அதைச் சுமக்கும். அந்தக் கிடேரிகளை அதே காளைக்குச் சேர்த்தால் சராசரியாக எட்டில் ஒரு கன்று குறையோடு வரும். மீதி ஏழும் துள்ளி விளையாடுவதால் காளைமேல் யாருக்கும் சந்தேகம் வராது. பழி மாட்டின்மேல்தான் விழும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அன்றைக்குப் பிறந்த கன்றின் குறை பரம்பரையாக வந்ததுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சினைக்காலத்தில் சில வைரஸ்கள் தாக்கினாலும் கால் மடங்கிய கன்று பிறக்கும். தாய்க்கு வைட்டமின் ஏ போதாமல் போனால் குருட்டுக் கன்று பிறப்பதுண்டு. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பெரும்பாலும் சினை பிடிக்காது, அதுவும் பரம்பரைக் குறை இல்லை. ஆனால் ஒரே காளையின் வாரிசுகளில் ஒரே மாதிரிக் குறை இரண்டாவது முறை வந்தால் நான் வேறெதையும் யோசிப்பதற்கு முன்னால் காளையைத்தான் யோசிப்பேன்.

'நாட்டுப்புறக் காளையில்தானே இந்த வம்பு, காளைக்குப் பதிலாகச் சினை ஊசி போட்டால் தப்பிக்கலாமே' என்பார்கள். பெருமளவுக்கு உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. 1962ல் அமெரிக்காவில் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் இனக் காளையின் பெண் வாரிசுகள் பாலைக் கொட்டின. அதற்கு 16,000 மகள்கள், 5 லட்சத்துக்கும் மேல் பேத்திகள். அதன் ஒரு மரபணுவில் இருந்த கோளாறு 2016ல்தான் அடையாளம் காணப்பட்டது. அதனால் உலகம் முழுக்க சுமார் 5 லட்சம் கருக்கள் கலைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஒரு கருச்சிதைவிலும் அந்தக் காளையின் பெயர் எழுதியிருக்கவில்லையே! வேடிக்கை என்னவென்றால், அது கொடுத்த பால் லாபம் அந்த நஷ்டத்தைவிடப் பல மடங்கு.

1952ல் பிறந்த ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோ என்ற இன்னொரு ஹோல்ஸ்டீன் காளையின் வழியில் வந்தது 'பிளாட்' என்கிற நோய். வெள்ளையணுக்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியே வந்து கிருமியோடு சண்டை போட முடியாது. கன்றுக்கு வாய்ப்புண், சளி, கழிச்சல் மாறி மாறி வரும், எந்த மருந்துக்கும் நிற்காது, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் போய்விடும். நம் நாட்டு எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்பினங்களிலும் இதைச் சுமப்பவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் அரசின் விதிப்படி நடக்கும், சினை ஊசிக்கான விந்தை உறையவைத்துத் தரும் உறைவிந்து நிலையங்களில் காளைகளுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம். இங்கே பக்கத்தில் தோணி என்கிற ஊரில் இருக்கும் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியத்தின் பண்ணை அப்படி ஒன்று. வீட்டுக் காளைக்கு யார் பரிசோதனை செய்கிறார்கள்?

இன்னொரு வகைக் குறையில் கரு நாற்பது நாள் வாக்கிலேயே கரைந்துவிடும். இருபத்தொரு நாளில் மறுபடி பருவத்துக்கு வந்து கத்த வேண்டிய மாடு கத்தாது, சினை என்று நாம் நம்பியிருப்போம், இரண்டு மாதம் கழித்துத் திடீரென்று கத்தும். இப்படித் திரும்புகிற மாடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தீனியும் தாதுச்சத்தும்தான் காரணம். அதைச் சரிசெய்தும் நிற்காவிட்டால் காளையை மாற்றிப் பாருங்கள்.

கேரள-தமிழ்நாட்டு எல்லையோரத்தில் நமக்குக் கூடுதல் சிக்கல். பொள்ளாச்சியில் வாங்கிய மாடு, வாணியங்குளத்தில் விற்ற மாடு என்று கைமாறிக்கொண்டே இருக்கும். காதில் இருக்கும் பன்னிரண்டு இலக்க அடையாளத் தோட்டைச் சிலர் சந்தைக்கு முன்பே அறுத்துவிடுகிறார்கள், அதோடு மாட்டின் வரலாறும் போயிற்று. ராசிக்காக மாட்டின் மயிர்ச்சுழி பத்தையும் தடவிப் பார்த்து வாங்குகிற மனிதர் அப்பன் எதுவென்று கேட்பதே இல்லை.

கேட்பதற்குச் செலவு கிடையாது. சினை ஊசிக்கு வருகிறவர் தூக்கிப்போடுகிற அந்தச் சின்ன விந்துக் குழலான ஸ்ட்ராவிலேயே காளை எண் அச்சடித்திருக்கும். வாங்கிப் பார்த்து எழுதி வையுங்கள். கிடேரி பிறந்தால் அந்த எண்தான் அதன் அப்பன். குறையோடு கன்று பிறந்தால் புதைப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து, எண்ணோடு மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அந்தக் காளையின் ஊசி அடுத்த ஊரிலும் தொடரும்.

அந்த அக்கா மாட்டை விற்கவில்லை. பால் சொசைட்டி அட்டையின் பின்பக்கத்தில் இப்போது எண்களாக எழுதி வைத்திருக்கிறார். போன மாதம் இன்னொரு கிடேரி கத்துகிறதென்று கூப்பிட்டார். நான் ஸ்ட்ராவை எடுத்து எண்ணைப் படித்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தவர், "இது இதோட அப்பனுங்க டாக்டரே, வேற போடுங்க" என்றார். கேனில் தேடி வேறொன்றை எடுத்தேன்.