"எனக்கு இந்தி தெரியாதுங்க டாக்டர்"

திருப்பூரில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவருக்குக் கொஞ்சமாவது இந்தி வந்தாக வேண்டும் என்று நினைத்து, "பேட் மே தர்த் ஹை?", "முஹ் கோலோ" என்று ஒரு பத்துப் பதினைந்து வாக்கியம் கற்று வைத்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பது வயதுப் பையனை அவன் அம்மா கூட்டி வந்தார். வயிற்றுவலி. அம்மாவின் சேலைக்கட்டைப் பார்த்தேன், சீட்டில் இருந்த பெயரைப் பார்த்தேன், உடனே பையனிடம் "க்யா ஹுவா பேட்டா?" என்று ஆரம்பித்துவிட்டேன். அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு இந்தி தெரியாதுங்க டாக்டர், தமிழ்லயே கேளுங்க."

அசல் கொங்குத் தமிழ். பிறந்தது திருப்பூர், வீட்டில் பேசுவது ஒடியா, அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவனிடம் இந்தி பேசுகிறவர்களே என்னை மாதிரி ஆட்கள்தான்.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். அசடு வழிந்ததை மறைக்க, "அட, தமிழ் சூப்பரா பேசறியே!" என்று பாராட்டி வைத்தேன். பையன் சிரிக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பையன் தமிழ் பேசுகிறான் என்று நாம் என்றைக்காவது கைதட்டியிருக்கிறோமா?

இந்த மாதிரி சில்லறைக் குத்தல்களுக்கு மைக்ரோஅக்ரெஷன் என்று 1970-ல் பெயர் வைத்தவர் செஸ்டர் பியர்ஸ், ஹார்வர்டில் இருந்த கறுப்பின மனநல மருத்துவர். குழந்தைகளுக்கான 'செசமி ஸ்ட்ரீட்' டிவி நிகழ்ச்சிக்கு ஆலோசகராகவும் இருந்தவர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அற்பமாகத் தெரியும், தினமும் விழுந்துகொண்டே இருந்தால்தான் காயம் என்பது அவர் சொன்னதன் சாரம். அமெரிக்காவில் தோல் நிறத்தை வைத்து நடப்பது நம் ஊரில் 'வடக்கன்', 'பையா', 'பான்பராக்' என்று நடக்கிறது. சொல்கிறவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. நானே சொன்னேனே.

சரி, வயிற்றுவலிக்கு வருவோம். தொப்புளைச் சுற்றி வலி, பள்ளி நாளில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக இல்லை. இரவில் வலியால் எழுந்திருப்பது, எடை குறைவது, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, இதில் ஏதாவது இருந்தால் என் வழி வேறு, முதலில் பரிசோதனைதான். இவனுக்கு எதுவும் இல்லை. இதை "நடிக்கிறான்" என்று சொல்லிவிடாதீர்கள், வலி நிஜமாகவே வலிக்கும். மனசில் இருக்கும் பதற்றம் குடலில் தெரியும், அவ்வளவுதான். வகுப்பில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் மேஜையைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டு, "பானிபூரி" என்றான். இரண்டு வருஷமாக. டீச்சரும் சில சமயம் செல்லமாக அப்படியே கூப்பிடுவாராம், அதற்கு வகுப்பே சிரிக்கும், இவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

வீட்டில் "கண்டுக்காதே" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் இனிமேல் நடப்பதை வீட்டில் சொல்லாதே என்றுதான் குழந்தைக்கு அது கேட்கும். நான் அந்த அம்மாவிடம், தமிழ் பேசும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள் என்றேன்: பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எல்லோரும். பட்டியல் போட்டுப் புகார் சொன்னால் எதிரில் இருப்பவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். வலி மறுநாளே போகவில்லை, ஒரு பருவம் பிடித்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் நம் வீட்டுப் பக்கம். ஒருநாள் வெளியே பெஞ்சில் நான்கு வயதுப் பெண் குழந்தை சத்தமாக, "அம்மா, வடக்கன் பாப்பா பக்கத்துல உட்கார மாட்டேன்" என்றாள். அம்மா முகம் சிவந்து, "உஷ்!" என்று தொடையில் ஒரு கிள்ளு. அந்தப் பாப்பாவின் அப்பா காதில் விழாத மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உஷ்" சொன்னால் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? இதை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பதைத்தான். நான் போய்க் குனிந்து, "அது பேர் இல்ல கண்ணு, பேரைக் கேட்கலாமா?" என்றேன். கேட்டோம். குட்டியும் பெயரைச் சொன்னது. இரண்டும் ஒரே மாதிரி சத்தம் போடுகிற செருப்புப் போட்டிருப்பதை அப்புறம்தான் கண்டுபிடித்தன.

பெரியவர்கள் சொன்னால்? "இவங்க வந்துதான் ஊருக்குள்ள காய்ச்சலும் பேனும்" என்று காத்திருக்கும் இடத்தில் ஒருவர் சொல்லும்போது பிரசங்கம் வேலைக்கு ஆகாது. "என்ன சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். சொன்னால், தலையோடு தலை பட்டால் பேன் யாருக்கும் வரும், டெங்கு கொசு வளர்வது நம் வீட்டுத் தொட்டியில் என்று இரண்டே வரி. அவரைத் திருத்துவது என் நோக்கமில்லை, திருந்தினால் லாபம். அங்கே இருக்கும் குழந்தைகள், இரு தரப்புக் குழந்தைகளும், ஒரு பெரியவர் மறுத்துப் பேசியதைக் கேட்டுவிட வேண்டும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த வீடியோ ஓடிய போன்கள் குழந்தைகள் கைக்கும் போகிற போன்கள்தானே.

நமக்கு இது புதிதும் இல்லை. 1966-ல் சிவசேனா தொடங்கிய பிறகு பம்பாயில் "பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி" (குழலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு) என்று கோஷம் போட்டது நம்மைப் பார்த்துத்தான். 'மதராஸி' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள்.

நான் மாற்றிக்கொண்டது ஒன்று. முகத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்வதில்லை. சீட்டு எழுதும் இடத்தில் எல்லோரிடமும், எல்லோரிடமும் என்றால் உள்ளூர்க்காரர்களிடமும், வீட்டில் என்ன மொழி என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஒடியா, போஜ்புரி, சந்தாலி என்று பதில் வரும். பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பங்களிடமிருந்து தெலுங்கும் வரும். போன மாதம் ஒரு அம்மா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி பார்த்துவிட்டு, "தமிழ்தாங்க, வேறென்ன?" என்று எழுத வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் மகளிடம் கன்னடத்தில் செருப்பைப் போடச் சொன்னார்.