143 அடி நீருக்கடியில் ஒரு கப்பல்தளம்

பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. ஐப்பசி பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் கண் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். மேலே சொன்ன மூன்றும் அந்த அணைகளின் முழு அளவு, அடிக்கணக்கில். பாபநாசம் அணை நிரம்பியிருக்கும்போது அதன் அடித்தரைக்கு ஒருவர் இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் பென்சகோலா கரைக்கு அப்பால் கிடக்கும் ‘ஓரிஸ்கனி’ என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தைத் தொட ஏறக்குறைய அதே ஆழம் இறங்க வேண்டும். சுமார் 145 அடி, மீட்டரில் 44, நம் கடற்கரைக் கணக்கில் 24 பாகம். கப்பலின் அடிப்பகுதி கிடப்பது அதற்கும் கீழே, 210 அடியைத் தாண்டி.

அந்தக் கப்பல் போரிலோ புயலிலோ மூழ்கியதல்ல. 2006 மே 17 அன்று வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. காரணம் உவரியிலோ இடிந்தகரையிலோ கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்: வெறும் மணல்தரையில் மீன் தங்காது, கடலடிப் பாறையான பார் இருக்கிற இடத்தில்தான் தங்கும். தென்னை ஓலையையும் மரக்கிளையையும் கல்லோடு கட்டிக் கடலில் போட்டு மீனைக் கூட்டுவது பழைய வழக்கம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தமிழகக் கரையோரம் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கி வைப்பதும் அதே கணக்குத்தான். ஓய்வுபெற்ற கப்பல் என்பது ஆயிரம் அறைகள் கொண்ட ஒரு பார். சிப்பியும் பவளமும் ஒட்ட இரும்புச் சுவர், குஞ்சுமீன் ஒளிய இருட்டு மூலை, பெரிய மீன் சுற்றிவரத் திறந்த தளம், எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

மூழ்கடிப்பது சுலபம். நிமிர்ந்து உட்காரும்படி மூழ்கடிப்பதுதான் கடினம். வேலை பல மாதங்களுக்கு முன்பே துவங்கிவிடும். எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவி வடிக்க வேண்டும். கல்நார் இருந்தால் அகற்ற வேண்டும். பழைய மின்கம்பிகளின் உறையிலும் பெயின்ட்டிலும் உள்ள பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் மீனின் கொழுப்பில் சேர்ந்து நம் தட்டுக்கே திரும்பி வரக்கூடியது. அது உள்ள கம்பிகளையும் உரித்தெடுக்க வேண்டும். முக்குளிப்பவர் சிக்கிக்கொள்ளக்கூடிய கதவுகளைக் கழற்றிவிடுவார்கள், அல்லது யாரும் நுழைய முடியாதபடி வெல்டிங் வைத்து அடைத்துவிடுவார்கள். பாதி திறந்து ஆடும் கதவைத்தான் விட்டுவைக்கக் கூடாது.

பிறகு ஓட்டைகள். நீர் உள்ளே வரக் கீழே ஓட்டை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்று வெளியேற மேலே ஓட்டை வேண்டும் என்பதை மறந்தால் கப்பல் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு மிதந்து நிற்கும். இன்னொரு சிக்கல், உள்ளே புகும் நீர் அங்குமிங்கும் ஓடுவது. அகலமான தாம்பாளத்தில் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பாருங்கள். கை கொஞ்சம் சாய்ந்தால் நீர் முழுதும் அந்தப் பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டிவிடும். அதே நீரைப் பத்து டம்ளரில் ஊற்றித் தாம்பாளத்தில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பாதி நிரம்பிய பெரிய கப்பல் அறை அந்தத் தாம்பாளம் மாதிரி. அதனால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில், சமமாக நீர் ஏறும்படி ஓட்டைகளின் அளவையும் ஓட்டை போடும் வெடிகளின் இடத்தையும் கணக்கிடுவார்கள்.

இந்தக் கணக்கு எப்படிப் பிசகும் என்பதற்கு ‘ஸ்பீகல் குரோவ்’ சாட்சி. 510 அடி நீளமுள்ள அந்தக் கடற்படைக் கப்பல், 2002 மே மாதம் ஃபுளோரிடாவின் கீ லார்கோ அருகே திட்டமிட்ட நேரத்துக்கு முன்பே மூழ்கத் துவங்கி, கவிழ்ந்து, முன்முனை நீருக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. பெரும் செலவில் அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். 2005இல் வந்த டென்னிஸ் சூறாவளி அதை நிமிர்த்தி வைத்துவிட்டது! ‘வாண்டன்பர்க்’ என்ற கப்பல் 2009இல் கீ வெஸ்ட் அருகே இரண்டு நிமிடத்துக்குள் நீரில் இறங்கியது. ஓரிஸ்கனிக்கு 37 நிமிடம் ஆனது, நிமிர்ந்தே அமர்ந்தது. 2008இல் ஒரு சூறாவளி கடந்தபின் அது இன்னும் 10 அடி கீழே போய்விட்டது. ஆகவே பழைய வரைபடத்தில் உள்ள ஆழத்தை நம்பி மூச்சுக்காற்றைக் கணக்கிடக் கூடாது.

இனி மனித உடல். கிணற்றில் முங்கிக் காசு எடுத்தவர்களுக்குக் காது வலி தெரியும். பத்து மீட்டர் நீருக்கு ஒரு பார் (இது மீன் தங்கும் பார் அல்ல, அழுத்தத்தின் அலகு) என்ற கணக்கில் அழுத்தம் ஏறுகிறது. மேலே காற்று மண்டலத்தின் ஒரு பார் ஏற்கெனவே இருப்பதால் 10 மீட்டரில் 2 பார், 44 மீட்டரில் 5.4 பார். முக்குளிப்பவர் வாயில் கவ்வும் ரெகுலேட்டர் எந்த ஆழத்திலும் அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தரும். அதனால்தான் நெஞ்சு நசுங்காமல் மூச்சுவிட முடிகிறது. அதனால்தான் காற்றும் வேகமாகத் தீர்கிறது.

தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளித்தவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தக் காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். மூச்சடக்குவது அவர்களுக்கு வித்தை. முதுகில் காற்றுச் சிலிண்டர் சுமந்து முங்கும் ஸ்கூபாவில் அதே பழக்கம் கொல்லும். 10 மீட்டரில் நுரையீரல் நிறைய அழுத்தக்காற்றை இழுத்து, மூச்சைப் பிடித்தபடி மேலேறினால் அது இரு மடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழி ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போய்விடும். எனவே முதல் பாடம் இதுதான்: மூச்சை ஒருபோதும் அடக்காதே.

காற்றுக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கரையில் நிதானமாக வேலை செய்யும் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பதாகக் கொள்வோம். 44 மீட்டரில் அது 20 × 5.4, அதாவது 108 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 2,400 லிட்டர். கடைசிச் சொட்டு வரை குடித்தாலே 22 நிமிடம். இதில் உடன்வருபவரின் காற்று நின்றுவிட்டால்? இருவரும் பதறி நிமிடத்துக்கு ஆளுக்கு 30 லிட்டர் இழுக்கிறார்கள். கீழேயே நிலைமையைச் சமாளிக்க 2 நிமிடம்: 648 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலேற 5 நிமிடம், சராசரி அழுத்தம் 3.2 பார்: 960 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க 270 லிட்டர். மொத்தம் சுமார் 1,880. ஒற்றைச் சிலிண்டரில் மிஞ்சுவது 520 லிட்டர், கப்பல்தளத்தில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. இறங்குவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். இந்த ஆழத்துக்கு ஒற்றைச் சிலிண்டரோடு போகிறவர் தன் நண்பரின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 40 மீட்டர் எல்லை என்று பயிற்சி நிறுவனங்கள் வகுத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைத் தாண்டுபவர்கள் இரட்டைச் சிலிண்டர், இரண்டு தனி ரெகுலேட்டர், நடுவில் மூடித் துண்டிக்கும் வால்வு என்று போவார்கள்.

காற்று போதுமான அளவு இருந்தாலும், சாதாரணக் காற்றே அங்கு சரிப்படாது. 30 மீட்டர் சுமாருக்குக் கீழே நைட்ரஜன் கள் குடித்தவரைப் போல மயக்கும். அளவுமானியைப் பார்ப்பார்கள், எண் மனதில் பதியாது. காற்றின் அடர்த்தி ஐந்து மடங்குக்கு மேல் கூடுவதால் மூச்சிழுக்கவே உழைக்க வேண்டும். கரியமில வாயு உடலில் தேங்கி மயக்கத்தை இன்னும் கூட்டும். ஆகவே ஆக்சிஜன் 21, ஹீலியம் 35, மீதி 44 பங்கு நைட்ரஜன் என்ற ட்ரைமிக்ஸ் கலவையை அடைப்பார்கள். நைட்ரஜனை மட்டும் கணக்கில் எடுத்தால் 44 மீட்டரில் இதன் மயக்கம் சாதாரணக் காற்றில் 20 மீட்டரில் இருப்பதற்குச் சமம். ஆக்சிஜனும் மயக்கும் என்று சேர்த்துக்கொண்டால் 25 மீட்டர்.

சிலிண்டர் மாறிப்போவதுதான் இங்கே பெரிய ஆபத்து. 32 பங்கு ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸ் 30 மீட்டரில் அருமையான வாயு. அதையே 44 மீட்டருக்குக் கொண்டுபோனால் ஆக்சிஜனின் பங்கழுத்தம் 0.32 × 5.4, அதாவது 1.7 பார். கீழே வேலை செய்யும்போது 1.4, அசையாமல் நிற்கும்போது 1.6 என்பதுதான் ஏற்கப்பட்ட எல்லை. அதைத் தாண்டினால் முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். நீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் விழும், அவ்வளவுதான். எனவே நிரப்பியவர் சொன்னதை நம்பாமல், பயன்படுத்துபவரே அனலைசரில் அளந்து, கலவையையும் இறங்கத்தக்க ஆழத்தையும் டேப்பில் பெரிதாக எழுதிச் சிலிண்டரில் ஒட்ட வேண்டும்.

மேலேறுவது ஏன் இவ்வளவு மெதுவாக? தாமிரபரணிக் கால்வாய்களில் தொடர்ச்சியாக நிரம்பும் குளங்களை நினைத்துப் பாருங்கள். சின்னக் குளம் சீக்கிரம் பெருகும், பெரிய குளத்துக்கு நாள் பிடிக்கும். நம் உடல் திசுக்களும் அப்படித்தான் நைட்ரஜனை வாங்குகின்றன. ரத்தம் நன்றாக ஓடும் மூளை, ஈரல் போன்றவை நிமிடங்களில் நிரம்பும். ரத்த ஓட்டம் குறைந்த மூட்டுத் திசுக்கள் பல மணி நேரம் எடுக்கும். ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, பாதி நிரம்ப 5, 10, 20, 40, 75 நிமிடம் எடுக்கும் ஐந்து திசுக்களாக உடலைப் பிரித்துக் கணக்கிட்டார். இன்று கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் பலவும் 16 ‘குளங்களை’ வைத்து அதே கணக்கைப் போடுகின்றன. மடையைத் திறந்து மெல்ல வடித்தால் நைட்ரஜன் நுரையீரல் வழியே போய்விடும். விறுவிறுவென்று மேலேறுவது கரையை உடைப்பதற்குச் சமம்: திசுவுக்குள்ளும் ரத்தத்திலும் குமிழி பிறக்கும். மூட்டில் பிறந்தால் வலி, தண்டுவடத்தில் பிறந்தால் கால் விளங்காது.

சாதாரணக் காற்றில் 18 மீட்டரில் ஏறக்குறைய 55 நிமிடம் இருந்துவிட்டு நேரே மேலே வரலாம். 30 மீட்டரில் 20 நிமிடம். 40 மீட்டரில் பத்து நிமிடத்துக்கும் குறைவு. அதற்கு மேல் தங்கினால் வழியில் நிறுத்தம் போட்டே ஆக வேண்டும். ஆழத்துக்குப் போகிறவர்கள் 21 மீட்டரில் பாதிக்குப் பாதி ஆக்சிஜன் கலவைக்கும், 6 மீட்டரில் தூய ஆக்சிஜனுக்கும் மாறி நைட்ரஜனைச் சீக்கிரம் வெளியேற்றுவார்கள். நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும் நாளில் 6 மீட்டரில் கயிறில்லாமல் கால்மணி நேரம் நிற்க முடியாது. கப்பலில் கட்டிய இறங்குகயிற்றையே பிடித்து ஏற வேண்டும், அதை விட்டு விலகக் கூடாது.

கப்பலுக்குள் நுழைவது வேறு வித்தை. வெளிச்சம் தெரியட்டும் என்று சுவர்களை வெட்டித் திறந்திருப்பார்கள். ஆனால் அடுத்த அறைக்கு அடுத்த அறை இருட்டுத்தான். ரீலில் சுற்றிய நூலை வெளியே ஓரிடத்திலும் நுழைந்தவுடன் ஓரிடத்திலுமாக இரண்டு முடிச்சுப் போட்டு, கூரான விளிம்பில் உரசாமல், இறுக்கமாக இட்டுக்கொண்டே போக வேண்டும். நாம் விடும் குமிழிகளே கூரையில் மோதித் துருவை உதிர்க்கும். துடுப்பை மேலும் கீழும் அடித்தால் தரைச்சேறு கிளம்பி அரை நிமிடத்தில் கைவிளக்கும் தெரியாது. தவளை உதைப்பது போலப் பக்கவாட்டில் மட்டும் உதைக்கக் கற்றிருக்க வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும்: ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. பாதுகாப்பாகத் தயாரித்து மூழ்கடித்த அதே ஸ்பீகல் குரோவுக்குள் 2007 மார்ச்சில் நுழைந்த மூவர் உயிரோடு வெளியே வரவில்லை. கதவைக் கழற்றலாம், எண்ணெயைக் கழுவலாம். ஆழத்தைக் குறைக்க யாராலும் முடியாது.

இதெல்லாம் ஃபுளோரிடாவுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. தூத்துக்குடி வள்ளங்களில் கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துச் சங்கு குளிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். சிலிண்டர் தீர்ந்தால் ஏறித்தான் ஆக வேண்டும்; கம்ப்ரசரில் காற்று தீராது, ஆகவே ‘குளங்கள்’ நாள் முழுதும் நிரம்பிக்கொண்டே இருக்கும். இன்ஜின் புகை காற்றிழுக்கும் வாயருகே போனால் கார்பன் மோனாக்சைடு 20 மீட்டரில் மூன்று மடங்கு வீரியத்தோடு ரத்தத்தில் சேரும். புகைக்குழாய் காற்று வீசிப்போகும் பக்கமும், இழுக்கும் குழாய் காற்று வரும் பக்கமாக உயரத்திலும் இருக்க வேண்டும். கச்சான் காற்று திசை மாறினால் வள்ளத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

மேலேறியபின் மூட்டுவலி, மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் பிரியாமை, இவற்றில் எது வந்தாலும் படுக்க வைத்துத் தூய ஆக்சிஜனை முகமூடி வழியே தர வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கவும் கூடாது, ‘மறுபடி கீழே போனால் சரியாகும்’ என்று இறக்கவும் கூடாது. அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறோமோ அவ்வளவுக்குக் கால் பிழைக்கும். இன்னொன்று, நம் சீமைக்கே உரியது: காலையில் கடலில் ஆழமாக முங்கிவிட்டு மாலையில் மாஞ்சோலை மலையேற இங்கே முடியும். நாலுமுக்கும் குதிரைவெட்டியும் ஆயிரம் மீட்டருக்கும் மேலே. அங்கு காற்றழுத்தமே குறைவு. விமானம் ஏறுவது போலத்தான் அதுவும். நிறுத்தம் போட்டு ஏறும்படி முங்கியவர் 24 மணி நேரமாவது தரையிலேயே இருக்கட்டும், அதற்குப் பிறகு மலைக்குப் போகட்டும்.