ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் நாற்பது ரூபாய் ரப்பரை மாற்றிப் பாருங்கள்

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். பொறியியல் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர். ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை என் மேசைமேல் வைத்தார். கையடக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர், விலை 11,500 ரூபாய். "அண்ணா, வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. பாட்டு நின்றதும் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் கேட்கிறது. உள்ளே ஏதோ போய்விட்டது போலிருக்கிறது, கொஞ்சம் திறந்து பாருங்கள்" என்றார்.

நான் திறக்கவில்லை. முதலில் அவருடைய இயர்போனைக் கேட்டு வாங்கினேன். 900 ரூபாய் இயர்போன். அட்டைப்பெட்டியில் 16 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் என்று அச்சிட்டிருந்தது. ஓம் என்பது அதன் மின்தடை, மற்றது அதன் உணர்திறன், அதாவது அந்தச் சிறிய மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு. ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் இருந்த கெயின் சுவிட்ச் (ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிப்பது) உச்சத்தில் நின்றது. பெட்டியில் கோளாறே இல்லை. இவ்வளவு உணர்திறன் உள்ள இயர்போனை இவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபையரில் செருகினால், எந்த ஆம்ப்ளிஃபையருக்கும் இயல்பாக உள்ள இரைச்சல் காதுக்குக் கேட்கத்தான் செய்யும். சுவிட்சைக் கீழே தள்ளினேன், இரைச்சல் முக்கால்வாசி அடங்கியது. கட்டணம் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பையன் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த 11,500 ரூபாயை நினைத்து அன்று மதியம் முழுவதும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

சென்னை ரிச்சி தெருவில் 22 ஆண்டுகளாகப் பழுது பார்க்கிறேன். வாக்மேனில் பெல்ட் அறுந்துபோன காலம், ஐபாடில் வட்டுத் தகடு தேய்ந்துபோன காலம், இப்போது கைபேசியில் ஜாக்கே இல்லாத காலம் என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. இசை கேட்க ஆசைப்பட்டு, தேவையே இல்லாத பொருளை முதலில் வாங்கிவிட்டு, தேவையான பொருளுக்குக் காசில்லாமல் நிற்கும் பிள்ளைகளை இப்போது பார்க்கும் அளவுக்கு முன்னால் பார்த்ததில்லை.

கணக்கைச் சொல்கிறேன், ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். 105 டெசிபல் இயர்போனில் 85 டெசிபல் சத்தம் வேண்டுமென்றால் தேவைப்படும் மின்திறன் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. 16 ஓமுக்கு அது ஏறக்குறைய 13 மில்லிவோல்ட். பாட்டில் திடீரென்று எழும் உச்சங்களுக்காக இருபது டெசிபல் கூடுதலாக வைத்துக்கொண்டாலும் 130 மில்லிவோல்ட் போதும். தம்பியின் ஆம்ப்ளிஃபையர் 32 ஓமில் 300 மில்லிவாட் தரும் என்று அதன் காகிதம் சொல்கிறது. அதாவது மூன்று வோல்ட்டுக்கு மேல். ஒரு டம்ளர் காபி போட, கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பை மூட்டியது போலத்தான். கைபேசியின் சார்ஜ் துளையில் செருகி இயர்போன் மாட்டும் சாதாரண டாங்கிளே ஒரு வோல்ட் அளவுக்குக் கொடுக்கும். அவருக்கு அதுவே ஏழு மடங்கு அதிகம்.

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "இல்லை அண்ணா, ஆம்ப்ளிஃபையர் போட்டதும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. பாட்டு விரிந்தது, அடிநாதம் கூடியது, குரல் முன்னால் வந்தது." பொய் சொல்லவில்லை, அப்படித்தான் கேட்டிருக்கும். ஏன் கேட்டது என்பதில்தான் ஏமாறுகிறார்கள்.

சத்தம் ஒரு டெசிபலோ இரண்டு டெசிபலோ கூடினால், மனிதக் காது அதைச் 'சத்தம் கூடிவிட்டது' என்று உணர்வதில்லை. 'தெளிவு கூடிவிட்டது' என்று உணர்கிறது. அதுமட்டுமல்ல, மெல்லிய ஒலியில் நம் காதுக்குக் கீழ்ச்சுருதி (பேஸ்) குறைவாகவே கேட்கும், சத்தம் ஏற ஏற அது அதிகமாகக் கேட்கும். இது காதின் அமைப்பு. பெட்டியின் பெருமை அல்ல. கடைக்காரர் கைபேசியிலிருந்து பிடுங்கி ஆம்ப்ளிஃபையரில் மாட்டும்போது சத்தத்தைத் துளி கூட்டித்தான் கொடுப்பார். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்றும் சொல்ல மாட்டேன். அவர் காதும் அவரை அப்படியே ஏமாற்றுகிறது. ஆகவே தயவுசெய்து 'மாட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது' என்பதை ஒரு சோதனையாக நினைக்காதீர்கள். சத்தத்தைச் சமமாக்காமல் செய்யும் எந்த ஒப்பீடும் ஒப்பீடே அல்ல. இதை ஆண்டு முழுவதும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

அந்தத் தம்பியும் நம்பவில்லை. சரி, செய்தே காட்டுகிறேன் என்று உட்கார வைத்தேன். 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, டாங்கிளிலும் ஆம்ப்ளிஃபையரிலும் ஒரே மில்லிவோல்ட் வரும்வரை மல்டிமீட்டரில் சரிபார்த்தேன். (வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு சொல்: மலிவான மல்டிமீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸில் தப்புக் கணக்குக் காட்டும், 200க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.) பிறகு மாற்றும் சுவிட்சைத் துணிபோட்டு மூடி, எது எது என்று சொல்லச் சொன்னேன். பத்து முறை. ஐந்து சரி, ஐந்து தப்பு. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே மதிப்பெண்தான். இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் மிருதங்கத்தில் அடிநாதம் தரும் தொப்பிப் பக்கமே சரியாகக் கேட்க மாட்டேன் என்கிறதே, அது ஏன் அண்ணா?" என்றார்.

இதுதான் சரியான கேள்வி. இந்தக் கேள்வியோடு வந்திருந்தால் அவருக்கு நாற்பது ரூபாயில் முடிந்திருக்கும். இயர்போனின் ரப்பர் முனை அவர் காதுக்குச் சிறியது. காதுத் துளையை முழுவதும் அடைக்காவிட்டால் கீழ்ச்சுருதி அந்த இடைவெளி வழியாகக் கசிந்துவிடும், எத்தனை வாட் கொடுத்தாலும் நிற்காது. ஒரு அளவு பெரிய முனையைப் போட்டுக் கொடுத்தேன். முகம் மாறியது. தொப்பி வந்துவிட்டது. இயர்போன் பெட்டியோடு மூன்று அளவு ரப்பர் தருகிறார்களே, எதற்கு என்று நினைத்தீர்கள்? இடது காதுக்கும் வலது காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுபவர்களும் நிறைய உண்டு, நானே அப்படித்தான்.

ஆம்ப்ளிஃபையரே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டியவர்கள் உண்டு. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்போனின் 250 ஓம் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உணர்திறன் 96 டெசிபல். உச்சங்கள் 110 டெசிபலைத் தொட வேண்டுமென்றால் 25 மில்லிவாட் தேவை, 250 ஓமில் அது இரண்டரை வோல்ட். ஒரு வோல்ட் டாங்கிள் அங்கே திணறும். காதை முழுவதும் மூடும் பெரிய ஹெட்போன், ஓம் அதிகம், உணர்திறன் குறைவு, சத்தத்தை முழுவதும் ஏற்றியும் போதவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள், நானே தேர்ந்தெடுத்துத் தருகிறேன். 'ஓம் அதிகமென்றால் தரம் அதிகம்' என்று நினைத்து 250 ஓம் வகையை வாங்கி, அதை ஓட்ட ஆம்ப்ளிஃபையர் தேடி அலைபவர்களுக்கு மட்டும் என்னிடம் ஆறுதல் கிடையாது. அதே ஹெட்போன் குடும்பத்தில் 32 ஓமும் 80 ஓமும் கிடைக்கிற மாதிரிகள் இருக்கின்றன, கைபேசியில் கேட்பவர் அதைத்தான் வாங்க வேண்டும்.

காதுக்குள் செருகும் இயர்போனுக்கு ஆம்ப்ளிஃபையர் பார்ப்பவர்கள் திறனைப் பார்க்காதீர்கள், வெளியீட்டு மின்தடையை, அதாவது ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டுக்குள்ளேயே இருக்கும் மின்தடையைப் பாருங்கள். இயர்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 16 ஓம் இயர்போனுக்கு இரண்டு ஓம். அதற்கு மேலே போனால், பல டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு உறுப்பு) வைத்த இயர்போன்களில் ஒலியின் நிறமே மாறிவிடும். விளம்பரத்தில் இந்த எண்ணைப் போட மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

5,000 ரூபாய் இருக்கிறதா? 3,000 இயர்போனுக்கு, 1,000 டாங்கிளுக்கு, மீதி உங்கள் பையில் இருக்கட்டும். டாங்கிள் வாங்கும் முன் உங்கள் கைபேசியில் மாட்டிக் கேளுங்கள், சில டாங்கிள்கள் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பாதிச் சத்தத்தோடு நின்றுவிடும். தனி பிளேயர் வேண்டுமென்றால் அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: கைபேசி பேட்டரி தீராமல் இருக்கும், நடுவில் அழைப்பு வராது, கைபேசி அனுமதி இல்லாத விடுதியில் இருப்பீர்கள், அப்பாவுக்குப் பொத்தான் வைத்த கருவிதான் பழகும். 'ஒலி நன்றாக இருக்கும்' என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். ஒலியை நொடிக்கு எத்தனை முறை, எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பதைச் சொல்லும் எண்கள் 384 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்று அட்டையில் போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். குறுந்தட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸே 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சுருதிவரை தாங்கும். என் காது 13,000த்தோடு சரி. 128 கேபிபிஎஸ் எம்பி3 பாட்டை (சுருக்கும்போது ஒலியின் ஒரு பகுதியை வெட்டிய கோப்பு) ஃப்ளாக்காக (எதையும் வெட்டாத கோப்பு வகை) மாற்றி 'ஹை-ரெஸ்' என்று வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். கோப்புதான் பெருக்கும், போன ஒலி திரும்பாது.

பழைய பிளேயர் வாங்குகிறவர்கள் அதைச் சமதளத்தில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். தட்டாமாலை சுற்றினால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள், திரை ஓரம் தூக்கியிருந்தாலும் அப்படித்தான். உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குப்பைத் தொட்டியில் எறியாதீர்கள். மெமரி கார்டில் 512 ஜிபி என்று அச்சிட்டு 400 ரூபாய்க்குத் தந்தால் அது 512 ஜிபி அல்ல. முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள். முதல் நூறு பாட்டு பாடும், அப்புறம் உள்ளே இருந்ததெல்லாம் குப்பை.

4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளை வைத்த பெட்டி வாங்கியவர்கள் கவனிக்கவும். அந்தத் துளையில் ஓர் இணைப்பானைப் போட்டு, சாதாரண மூன்று முனை 3.5 மில்லிமீட்டர் ஹெட்போனை மாட்டாதீர்கள். அந்தத் துளையில் இடது வலது இரண்டுக்கும் தனித்தனி எதிர்முனை உண்டு, இரண்டும் உயிருள்ளவை, அதாவது இரண்டிலும் சிக்னல் ஓடும். சாதாரண ஜாக் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும், வெளியீட்டுச் சில்லு வெந்துவிடலாம். சென்ற மாதம் மட்டும் இப்படி இரண்டு பெட்டிகள் வந்தன, ஒன்றுக்கு உதிரிப்பாகமே கிடைக்கவில்லை. ப்ளூடூத் இயர்பட்ஸுக்கு எந்த ஆம்ப்ளிஃபையர் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு: எதுவும் பொருந்தாது. ஆம்ப்ளிஃபையர் அதற்குள்ளேயே இருக்கிறது.

இனி சொல்வதை மட்டும் திட்டாமல் கேட்டுக்கொள்கிறேன். சத்தத்தைக் குறையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. 90 டெசிபலுக்கு ஏறினால் அந்த 40 மணி நேரம் நான்காகச் சுருங்கிவிடும். மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகிறது. மின்சார ரயிலில் இரைச்சலை வெல்வதற்காகச் சத்தத்தை ஏற்றுகிறீர்கள் அல்லவா, அந்த ஏற்றம்தான் காதைத் தின்கிறது. மூன்று வோல்ட் ஆம்ப்ளிஃபையரில், கெயின் உச்சத்தில், உறக்கக் கலக்கத்தில் கை தவறிக் குமிழைத் திருகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போன ஜாக்கை நான் மாற்றித் தருவேன். காதுக்கு உதிரிப்பாகம் இந்தத் தெருவில் கிடைக்காது. காதில் ரீங்காரம் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் என் கடைக்கு வராதீர்கள், காது மருத்துவரிடம் போங்கள்.

தம்பியின் ஆம்ப்ளிஃபையரை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். 250 ஓம் ஹெட்போன் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவருக்கு அதை 7,500க்குப் பேசி முடித்திருக்கிறேன், நாளை மாலை வந்து எடுத்துப் போவார். மீதி 4,000 ரூபாய் நட்டம். அடுத்தவர் யாராக இருந்தாலும், கைபேசியையும் இயர்போனையும் எடுத்துக்கொண்டு பணம் கட்டுவதற்கு முந்தைய நாள் வாருங்கள். துணியும் சுவிட்சும் மேசையிலேயே இருக்கின்றன.