நடாமல் முளைத்த கன்றுகள்

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி வேண்டுமென்றால், அதன் மேல் கிடக்கும் மண்ணில் ஐந்து கன மீட்டருக்கு மேல் அள்ளியாக வேண்டும். 1961-இல் சுரங்கத்தின் அடியில் முதன்முதலாக நிலக்கரி கண்ணில் படுவதற்கு முன்பிருந்தே இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பெரிய சக்கரத்தில் வாளிகள் பூட்டிய எந்திரம் மண்ணை அரிந்தெடுக்கும். அது கன்வேயர் பெல்ட்டில் போய், நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் விழும். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துக் கடைசியில் பரப்பாவிட்டால், ஐம்பது அறுபது மீட்டர் ஆழத்தில் வேரையே பார்த்திராத மண் மேலே வந்துவிடும். பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வளர்க்கும் செம்மண் அடியில் போய்ப் புதைந்துவிடும்.

கொட்டிய மண்ணைச் சமன்செய்து கன்று நடுகிறார்கள். நாலைந்து வருடத்தில் மேடு பச்சையாகிவிடும். சரி, நிலம் தேறிவிட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா?

முதல் சோதனை விண்ணிலிருந்து நடக்கிறது. இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையோ, இலைக்குள் இருக்கும் காற்றிடைவெளிகள் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் 'என்டிவிஐ' எனும் தாவரக் குறியீடு. ஒரு தோப்பு சிவப்பில் 8 சதவீதமும் அகச்சிவப்பில் 40 சதவீதமும் திருப்பி அனுப்பினால், 32-ஐ 48-ஆல் வகுக்க 0.67 வரும். வெறும் மண்ணில் 20-ம் 26-ம் என்றால் 0.13 தான். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1980-களிலிருந்து 30 மீட்டர் கட்டங்களாகப் படம் எடுத்துவருகின்றன. அந்தப் படங்கள் 2008 முதல் இலவசம். அதனால் சுரங்கத்தின் எந்த மூலை எந்த வருடம் வெட்டப்பட்டது, எப்போது பச்சை திரும்பியது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே வரைந்துவிடலாம். ஒரே பருவத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதப் படத்தையும் சித்திரை மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், நல்ல காடும் கெட்டுப்போனது போலத் தெரியும்.

ஆனால் இந்தக் குறியீட்டுக்குப் பச்சைதான் தெரியும், எந்தச் செடி என்று தெரியாது. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தாலும் எண் உயரும்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் இந்தப் பாடம் பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. நிலக்கரிக்காகத் தோண்டிய நிலத்தைச் சீரமைத்தே தீர வேண்டும் என்று 1977-இல் அங்கே சட்டம் வந்தது. மண் சரியக் கூடாது என்று நிறுவனங்கள் புல்டோசரால் இறுக்கி இறுக்கிச் சமன்செய்தன, வேகமாகப் படரும் புல்லை விதைத்தன. மலை பச்சையானது. ஆனால் அந்தக் கெட்டித்த மண்ணில் மரக்கன்றுகளால் வேர் இறக்க முடியவில்லை, முன்பு காடாக இருந்த சரிவுகள் பல வருடங்கள் புல்வெளியாகவே நின்றுவிட்டன. பிற்பாடுதான், மேலே நாலடி மண்ணையாவது இறுக்காமல் பொலபொலவென்று விட வேண்டும் என்ற முறை அங்கே வந்தது.

அதனால்தான் தரையில் இறங்கிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறேன். மண்ணின் இறுக்கத்தை அளப்பது எளிது. அளவு தெரிந்த இரும்பு வளையத்தை மண்ணில் தட்டி இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணை 105 டிகிரி சூட்டில் உலர்த்தி எடை போட வேண்டும். காட்டு மேல்மண்ணில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒன்று, ஒன்றேகால் கிராம் இருக்கும். களிமண்ணில் அது 1.6-ஐ நெருங்கினாலே வேர் திணறும். மணல் மண் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

அப்புறம் கயிறு கட்டி எண்ணுவது. மரங்களுக்குப் பத்து மீட்டர் சதுரம், புல் பூண்டுக்கு ஒரு மீட்டர் சதுரம். எத்தனை செடி என்பதோடு எத்தனை வகை என்பதையும் குறிப்பார்கள். நூறு மரத்தில் தொண்ணூறு ஒரே வகை என்றால், மீதிப் பத்தில் ஐந்து வகை இருந்தாலும் பன்மைக் குறியீடு தாழ்ந்துதான் இருக்கும். சுரங்கம் தொடாத பக்கத்துக் காட்டிலும் இதே போல எண்ணி ஒப்பிட வேண்டும். ஒப்பிட ஆள் இல்லாத மதிப்பெண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சருகைக் கிளறிப் பார்ப்பதுதான். நம் நாட்டுச் சுரங்க மேடுகளில் பரவலாக நடப்படும் கத்திச் சவுக்கு (இது ஊசி போன்ற சவுக்கு அல்ல, ஒரு வகை அகேசியா) தோப்பில் குனிந்து கை வைத்தால், தோல் போன்ற இலைகள் மொடமொடவென்று முழுசாகவே அடுக்கி இருக்கும். அடியில் வெளிறிய மண். சருகு விழுகிறது, மக்கவில்லை. மரம் எடுத்த சத்து மண்ணுக்குத் திரும்பவில்லை. தேறிவரும் இடத்தில் அதே சருகின் கீழ் அடுக்கு நரம்பு மட்டும் மிஞ்சி வலையாகியிருக்கும். வெள்ளைப் பூஞ்சை இழை ஓடும், மண் கறுத்து ஈரவாசம் அடிக்கும், கறையானும் எறும்பும் கலைந்து ஓடும்.

சருகை விலக்கிய அதே இடத்தில், நடாமல் தானாக முளைத்த கன்றுகளையும் எண்ண வேண்டும். பறவை எச்சத்தில் வந்த வேம்பு, காற்றில் வந்த ஆயா மரம், எதுவாகவும் இருக்கலாம். நட்ட கன்றின் கணக்கு அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். நடாமல் முளைத்தவற்றின் கணக்கு அந்தச் சதுரத்துக்குள் முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.